பதினொரு நாள் கேபிள் இல்லை: புகார் எண் வாங்கி, கட்டணக் கழிவும் வாங்கினோம்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். தெருமுனை கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டில் போய் முட்டும். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, தாழத் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் வயரை ஒரு லாரி இழுத்துக்கொண்டு போய்விட, தெருவில் எங்கள் வரிசை முழுக்க டிவி போய்விட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடியை விட்டு இறங்குவதே கிடையாது. நான் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், காலையில் போனால் ராத்திரி எட்டாகிவிடும். அவ்வளவு நேரமும் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவிதான். அதனால் இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலையிலேயே கேபிள்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். "வயரு மொத்தமா இஸ்துகினு பூட்சும்மா, ரெண்டே நாள்ல போட்டுர்றேன்" என்றார். தினமும் கூப்பிட்டேன், தினமும் இதே பதில். ஐந்தாம் நாள் வசூலுக்கு வரும் பையன் வந்து அந்த மாதத்துக்கு 300 ரூபாய் கேட்டிருக்கிறான். அம்மாவும் கொடுத்து, அட்டையில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அந்த மஞ்சள் அட்டையில் மாதத்தின் பெயரும் ஒரு கிறுக்கலும் மட்டும்தான் இருக்கும், எந்தச் சேனலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு, எதுவும் இருக்காது. ஏழு வருஷமாக நாங்கள் பணம் கட்டியதற்கு எங்களிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் இது எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து தேடிப் படித்தேன். சேனல் நடத்துபவர்கள் ஒரு பக்கம், அவர்களிடமிருந்து சிக்னல் வாங்கி மொத்தமாக அனுப்புகிற எம்எஸ்ஓ நிறுவனம் நடுவில், அங்கிருந்து தெருத்தெருவாக வயர் இழுத்து வீட்டுக்குக் கொடுப்பவர் நம் கேபிள்காரர். நமக்குத் தெரிந்த முகம் கடைசி ஆள்தான். ஆனால் விதிப்படி கஸ்டமர் கேர் வைத்துப் புகாருக்கு எண் கொடுத்து, கணக்கும் காட்ட வேண்டியது செட்-டாப் பாக்ஸில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அந்த எம்எஸ்ஓ நிறுவனம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. சிக்னல் இல்லை என்ற புகார்களில் நூற்றுக்குத் தொண்ணூறையாவது 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். புகார் சொன்ன நேரத்திலிருந்து தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சிக்னல் வராவிட்டால் வராத நாட்களுக்கான பணத்தைக் கழித்துக்கொடுக்க வேண்டும். இதைப் படித்ததும்தான் உறைத்தது, நான் நாலு நாளாகக் கேபிள்காரரிடம் பேசியதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, எண் வாங்காத புகார் நிறுவனத்தைப் பொறுத்தவரை புகாரே இல்லை.

உடனே கஸ்டமர் கேருக்கு அடித்தேன். பதிவு செய்த மொபைல் நம்பர் அல்லது விசி நம்பர், அதாவது பாக்ஸை அடையாளம் காட்டும் எண், வேண்டும் என்றார்கள். பாக்ஸைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர், ஏழு வருஷத் தூசியும் சூடும் சேர்ந்து எழுத்து பாதி அழிந்து கிடந்தது. போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படிக்க நான் எழுதினேன். ஒரு இடத்தில் அது 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. அப்புறம்தான் பாக்ஸின் மெனுவிலேயே விசி நம்பர் இருக்கும் என்று ஞாபகம் வந்தது. சிக்னல் இல்லாவிட்டாலும் மெனு திறக்கும், அங்கே பார்த்தால் 8.

நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் வேறு யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லி, "நீங்க அவங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் இதே வீட்டில் குடியிருந்தவர். பாக்ஸ் வீட்டோடு வந்தது, நாங்களும் பெயரை மாற்றவே இல்லை. அவருடைய போனிலிருந்து கூப்பிட்டால்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டும் இன்றைக்கே பாருங்கள், எங்கள் தெருவில் நான் விசாரித்த வரையில் நாலு வீட்டில் இதே கதை.

நான் விடவில்லை. பெயர் யாருடையதாக இருந்தாலும் இந்த பாக்ஸுக்கு சிக்னல் வரவில்லை, அதைப் பதிந்து எண் கொடுங்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், மூன்றாவது தடவை லைனில் வந்தவர் பதிந்துகொண்டார். புகார் எண்ணை காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதி, மணியையும் குறித்தேன். பெயர் மாற்றத்துக்குத் தனியாகச் சந்தாதாரர் விண்ணப்பம் நிரப்பி, ஆதார் நகல் வைத்து, கேபிள்காரரிடம் கொடுத்து அனுப்பினோம். அந்த விண்ணப்பத்தின் நகல் நமக்குத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

72 மணி நேரம் தாண்டியும் ஒன்றும் நடக்காததால் கஸ்டமர் கேரில் தீராத புகாரைப் பார்க்கும் அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன், புகார் எண், அட்டையின் படம், காலண்டர் படம் எல்லாவற்றோடும். நோடல் அதிகாரியின் விவரத்தை அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும், போட்டிருந்தார்கள். கட்டண விவரம் 999-ஆம் சேனலில் ஓடும் என்பதால் எதிர் வரிசையில் கேபிள் வந்துகொண்டிருந்த அக்கா வீட்டில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டேன். இதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன், அது வரை போக வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணனே ஒரு பையனோடு ஏணி தூக்கிக்கொண்டு வந்தார். புது வயர் இழுத்தும் எங்கள் வீட்டில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜன்னல் பக்கம் இருந்த கனெக்டரைக் கழற்றிக் காட்டினார், நடுவில் இருக்கிற செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. "கடல் காத்துக்கு இன்னாதான் தாங்கும் சொல்லு" என்றபடி வயரை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, புதுசு மாட்டி, இன்சுலேஷன் டேப்பை அழுத்திச் சுற்றினார். படம் பளிச்சென்று நின்றது.

காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். மாதாமாதம் கட்டும் பணத்தில், கட்டணச் சேனல்களின் விலை போக, சிக்னலை வீடு வரை கொண்டுவருவதற்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. 2019-ல் ட்ராய் அதற்கு 130 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, வரியோடு 153.40. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், இப்போது நிறுவனமே விலை வைத்து அறிவிக்கலாம், எங்களுக்கு இன்னும் 130தான். வேறு ஒப்பந்தம் போடாவிட்டால் அதில் நிறுவனத்துக்கு 55, கேபிள்காரருக்கு 45 சதவீதம். அதாவது ஒரு வீட்டுக்கு 58 ரூபாய் 50 காசு. அதில்தான் பையன்களின் சம்பளமும், லாரி அறுத்துப்போட்ட வயரும். அவர் மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் முதல் நாளே "கம்பெனிக்குப் போன் பண்ணி நம்பர் வாங்கி வெச்சிக்கோம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

அடுத்த மாதம் முதல் தடவையாக பில் வந்தது, அம்மா பெயரில். நெட்வொர்க் கட்டணம் 130, கட்டணச் சேனல்கள் 110, ஜிஎஸ்டி 43.20, மொத்தம் 283.20. புகார் பதிந்த நாளிலிருந்து ஏழு நாளுக்கு 66.08 கழித்திருந்தார்கள். எண் வாங்காமல் போன முதல் நாலு நாளுக்கு ஒன்றும் இல்லை. வசூலுக்கு வந்த பையனிடம் அம்மா பில்லைக் காட்டி 217 ரூபாய் 12 காசு என்றார், அவன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு 217 வாங்கிக்கொண்டு போனான்.