க்ரீமில் மருந்தை மட்டும் பார்த்தால் போதாது

தோலுக்கு ஏதாவது வாங்கினால் உள்ளே என்ன மருந்து என்று பார்ப்போம், அது எதில் கலந்திருக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஆனால் பாதி வேலையை அந்தக் கலவைதான் செய்கிறது.

க்ரீம், லோஷன் எல்லாமே பெரும்பாலும் எமல்ஷன்தான். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது, அதனால் ஒன்றைப் பொடித்துளிகளாக உடைத்து மற்றொன்றில் மிதக்கவிட்டு, அவை திரும்ப ஒன்றுகூடாமல் இருக்க எமல்சிஃபையர் சேர்க்கிறார்கள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரை. சில மைக்ரான் அளவே உள்ள அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் க்ரீம் வெள்ளையாகத் தெரிகிறது.

எதற்குள் எது இருக்கிறது என்பதுதான் முக்கியம். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். பால்போலக் கரைந்து பரவினால் தண்ணீருக்குள் எண்ணெய். கட்டியாக மிதந்தால் பெரும்பாலும் எண்ணெய்க்குள் தண்ணீர். முதல் வகை தடவியதும் குளிர்ச்சியாக இருக்கும், பிசுக்கு இல்லாமல் மறைந்துவிடும், கழுவினால் போய்விடும். இரண்டாவது தோல்மேல் படலமாக நின்று ஈரத்தை வெளியே விடாது. வறண்டு வெடித்த தோலுக்கு அதுதான் நல்லது. நீர் கசியும் புண்ணுக்கு ஆயின்ட்மென்ட், அதாவது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கே உள்ள களிம்பு, பொதுவாகச் சரிப்படாது. ஒரே ஸ்டீராய்டு, ஒரே சதவீதம் என்றாலும் க்ரீமைவிட ஆயின்ட்மென்டில் பல நேரம் கூடுதல் வீரியத்தோடு வேலை செய்யும், ஏனென்றால் மேலே மூடியிருக்கும் பிசுக்கு மருந்தை உள்ளே இறங்க விடுகிறது. டாக்டர் ஆயின்ட்மென்ட் என்று எழுதினால் நாமாக க்ரீம் வாங்கக் கூடாது.

2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் கலந்து கோல்ட் க்ரீம் (குளிர்ச்சி தரும் க்ரீம்) செய்ததாகச் சொல்வார்கள். அது சீக்கிரம் பிரிந்துவிடும், அப்படிப் பிரிந்து வரும் தண்ணீர் ஆவியாவதில்தான் அந்தக் குளிர்ச்சியே.

அப்புறம், 'பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லாதது' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், ஈர விரலை டப்பாவுக்குள் விட்டால் இன்னும் சீக்கிரம். வீட்டிலேயே தண்ணீர் சேர்த்துச் செய்யும் க்ரீமுக்கும் இதேதான்.

இன்னொன்று, மருந்து க்ரீமையும் மாய்ஸ்சரைசரையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசாதீர்கள். மருந்து நீர்த்துப்போகும், எமல்ஷனும் உடையலாம், அதற்குப் பிறகு எந்த இடத்தில் எவ்வளவு மருந்து விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியாக, நடுவில் கொஞ்ச நேரம் விட்டுப் பூசுங்கள்.