விடுமுறையைத் தாண்டிய பள்ளித் தோட்டமும் முடிச்சு நாடாவும்

நீண்ட விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறந்திருக்கிறது. பட்டாம்பூச்சியும் தேனீயும் பறவையும் வந்து வாழ்வதற்கென்று அமைத்த உயிரினத் தோட்டம் அப்படியே இருக்கிறது. எருக்கு இலைகளில் ஓட்டைகள், எலுமிச்சைக் கொழுந்துகளில் நடுநரம்பு மட்டும் மிச்சம், வேலியோரம் காய்ந்த கூட்டுப்புழு ஓடுகள். ஒருவரும் மருந்து அடிக்கவில்லை, ஒருவரும் செடியை மொட்டையடிக்கவில்லை. விடுமுறை முழுவதும் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பள்ளித் தோட்டங்களில் கைவைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

நடுவதற்கு ஆள் கிடைப்பது எளிது. குழி தோண்டும் நாளில் கூட்டம் வரும், படம் எடுப்பார்கள், பெயர்ப்பலகை வைப்பார்கள். தோட்டம் சாவது அதற்குப் பிறகுதான். விடுமுறையில் தண்ணீர் நின்றுபோகும். ஆர்வமுள்ள ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போவார். இவை இரண்டையும் விடக் கொடியது, யாரோ நல்ல எண்ணத்தோடு நடத்தும் 'தூய்மைப் பணி'. ஒரே காலையில் சருகு, காய்ந்த தண்டு, புழு தின்ற கிளை எல்லாம் குப்பைக்குப் போய்விடும். ஆகவே இந்த முறை பயிற்சியின் வரிசையையே தலைகீழாக்கினேன். நடவு கடைசியில், முதல் வகுப்பு தேடுவதற்கு.

அமெரிக்காவின் தேசிய வனவுயிர்க் கூட்டமைப்பு 1973-இல் தொடங்கிய தோட்டச் சான்றிதழ்த் திட்டத்திலிருந்து இன்றுவரை எல்லோரும் சொல்லும் தேவைகள் உணவு, நீர், மறைவிடம், குஞ்சு வளர்க்க இடம். இதைப் படிப்பவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நான்காவது தேவை மட்டும் எப்போதும் அழுக்காகவே கண்ணில் படும் என்பதைத் தன்னார்வலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பூவை எல்லோரும் காப்பாற்றுவார்கள். அரைகுறையாகத் தின்னப்பட்ட இலையைக் காப்பாற்றத்தான் பயிற்சி வேண்டும்.

முதல் வகுப்பில் மண்வெட்டி கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, குறிப்பேடு ஒன்று. 'தின்ற இலையைக் கண்டுபிடியுங்கள், தின்றவரைக் கண்டுபிடியுங்கள்' என்பதுதான் வேலை. ஓரத்தில் கத்தரியால் வெட்டியது போல வழுவழுப்பான அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அந்த இலையில் புழுவைத் தேடிப் பயனில்லை. வெட்டிய துண்டைத் தன் கூட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஓரம் ஒழுங்கின்றிக் கடிபட்டு, கீழ் இலையில் ஈரமான பச்சை உருண்டைகள் கிடந்தால் புழு இன்னும் மேலேதான் இருக்கிறது. உருண்டை காய்ந்து கறுத்திருந்தால் அது இடம் மாறியிருக்கலாம். இந்த எச்சத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். முதலில் முகம் சுளிப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் இலைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு இந்த வகுப்புக்கென்றே படைக்கப்பட்டது. இளம் பருவங்களில் அது பறவை எச்சத்தைப் போலவே பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். தோட்டத்தைத் துடைத்து வைப்பவர்கள் முதலில் தட்டிவிடுவது இதைத்தான். கடைசிப் பருவத்தில் பச்சையாக மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். அதை ஒருமுறை பார்த்த மாணவர் அந்தச் செடியை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

இனி நாடா. இந்தப் பதிவின் பாதியை இதற்கே ஒதுக்குவதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முட்டையோ புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும் கிளையை அடையாளம் காட்ட வேண்டும், அதுவும் வகுப்புக்கு வராதவருக்கும் புரியும்படி. பலர் வண்ண நாடா கட்டுகிறார்கள்: சிவப்பு என்றால் தொடாதே, மஞ்சள் என்றால் கவனி. வெயிலில் சாயம் போய் எல்லாம் ஒரே வெளிறிய நிறமாகிவிட்டால் என்ன செய்வது? நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாத மாணவர்களும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு முடிச்சுக்கு வந்தேன். ஒரு முடிச்சு முட்டை. இரண்டு முடிச்சு புழு. மூன்று முடிச்சு கூட்டுப்புழு. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் முடிச்சு மாறாது. இருட்டில் தடவிப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் வேண்டவே வேண்டாம். தண்டு பருக்கும்போது பட்டைக்குள் அமிழ்ந்து செடியை நெரித்துவிடும். பழைய பருத்தித் துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தால் போதும். கத்தரியால் வெட்டியதைவிடக் கையால் கிழித்த நாடா நல்லது, நூல் நேராகப் போவதால் இழை பிரிவது குறைவு. வளையத்துக்குள் இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்ட வேண்டும். புழு இருக்கும் இலைக்காம்பில் கட்டக் கூடாது. அது கிளை பிரியும் கணுவுக்குக் கீழே, கவாத்துக் கத்தரி முதலில் எங்கே போகுமோ அங்கே கட்ட வேண்டும். வெட்ட வருபவரின் கை நாடாவில் இடிக்க வேண்டும் என்பதே கணக்கு. இந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்குவதற்கே ஒரு வகுப்பு முழுவதும் போய்விட்டது. போனால் போகட்டும், பலன் கிடைத்தது.

முடிச்சு மாற்றுவதும் வேலைதான். வெப்பமான காலத்தில், எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் முட்டை 3, 4 நாட்களில் பொரிந்துவிடும். புழுப் பருவம் ஏறக்குறைய 2 வாரம். ஆகவே வாரம் இருமுறை சுற்றி வந்தால்தான் நாடா உண்மையைச் சொல்லும். பழைய நாடாவை அவிழ்க்காமல் விட்டால் நாளடைவில் தோட்டம் முழுவதும் நாடாவாகிவிடும். பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள். அவிழ்ப்பதற்குக் கட்டுவதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கிறேன்: காலியான கூட்டுப்புழு ஓட்டைக் கண்ணால் பார்த்த பிறகு, அல்லது முட்டையும் புழுவும் இல்லை என்று இருவர் தனித்தனியே உறுதி செய்த பிறகு மட்டுமே அவிழ்க்கலாம்.

மூன்று முடிச்சில் ஒரு சிக்கல் உண்டு. முழு வளர்ச்சி அடைந்த புழு பெரும்பாலும் உணவுச் செடியை விட்டுக் கிளம்பிவிடும். வேலிக் கம்பி, சுவரின் விளிம்பு, பக்கத்துப் புதர் என்று எங்கும் போகும். வெந்தய வரியன் தலைகீழாகத் தொங்கும். எலுமிச்சை அழகி இடுப்பில் பட்டு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். இரண்டும் பச்சையாகவோ பழுப்பாகவோ சூழலோடு கலந்துவிடும். ஆகவே செடியில் புழு காணவில்லை என்றவுடன் 'பறவை தின்றுவிட்டது' என்று எழுதாமல் சுற்றிலும் தேடச் சொல்கிறேன். உண்மையிலேயே பறவையோ குளவியோ தின்றிருந்தால் அதுவும் நல்ல செய்தி. எல்லாப் புழுக்களையும் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற மாணவர்கள் துடிப்பார்கள். ஆனால் பறவைக் குஞ்சுகளுக்கும் இந்தத் தோட்டத்தில் இரை வேண்டுமே.

இந்த நாடாவின் மதிப்பை எனக்குக் காட்டியவர் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் அக்கா. விடுமுறையின் நடுவில் தொலைபேசியில் அழைத்தார். "சார், சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருக்கிறார்கள். குழாயில் மூன்று முடிச்சு தொங்குகிறது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "சொல்லுங்கள் அக்கா" என்றேன். அவர் எந்த வகுப்புக்கும் வந்தவர் அல்லர்; தன்னார்வலர் ஒருவர் போகிற போக்கில் முடிச்சுக் கணக்கைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த பயிற்சியில் அவருக்கும் தோட்டக்காரருக்கும் முதல் வரிசை இருக்கை. தினமும் துடைப்பமும் கத்தரியும் பிடிப்பவர்களை விட்டுவிட்டு யாருக்குப் பயிற்சி கொடுத்து என்ன?

நர்சரி பற்றி ஒரு குமுறல். பூத்துக் குலுங்கும் செடியைக் காட்டி 'இதற்குப் பட்டாம்பூச்சி வரும்' என்கிறார்கள். வரும், தேன் குடிக்க. முட்டையிட அதற்கென்று உணவுச் செடி வேண்டும் என்றால் விழிக்கிறார்கள். அதைவிட மோசம், மண் வழியாக உறிஞ்சப்படும் பூச்சிக்கொல்லி இட்ட நாற்று. இலை ஒரு புள்ளி இல்லாமல் பளபளக்கும். அதைத் தின்ற புழு சுருண்டு விழும். ஆகவே வாங்கும் முன் என்ன மருந்து இட்டார்கள் என்று தன்னார்வலர் கேட்டே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்பலாம். ஓட்டை விழுந்த இலையுள்ள நாற்றைத் தேடி வாங்குங்கள். எருக்கை நாங்கள் விதையிலிருந்தே வளர்க்கிறோம். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் முன் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட்டால் விதை முழுவதும் கைக்கு வரும். ஆழமாக வேர்விடும் செடி என்பதால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிறு குழந்தைகள் ஓடும் பாதையிலிருந்து தள்ளி விதைத்து, தொட்டவர் உடனே கை கழுவ வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். பள்ளி நிர்வாகம் அதற்கும் ஒப்பவில்லையென்றால் எருக்கை விட்டுவிட்டு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்துத் தொடங்கலாம்.

அதே எருக்கில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும்போதுதான் மருந்து அடிக்கக் கை துறுதுறுக்கும். பொறிவண்டின் இளம்புழு முதலை வடிவில் கறுப்பாக இருக்கும். அசுவினியைத் தின்ன வந்த அதையே பூச்சி என்று நசுக்குபவர்கள் ஏராளம். இதற்காகப் பெரிய படம் ஒன்றை வரைந்து கருவிகள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

தண்ணீர்த் தட்டு வேலை நன்றாக நடக்கிறது. ஆழம் 2, 3 சென்டிமீட்டர், நடுவில் கூழாங்கற்கள், தேனீ மூழ்காமல் உட்காரும்படி. கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர வெயில் காலத்தில் ஒரு வாரமே போதும் என்பதால் நாடா சுற்று வரும் இரண்டு நாளும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிப் புது நீர் ஊற்றுகிறார்கள். இரண்டையும் ஒரே சுற்றில் கோத்ததால் எதுவும் விடுபடவில்லை.

இந்தக் கட்டம் இன்னும் முடியவில்லை. இப்போதுள்ள தன்னார்வலர்கள் அடுத்த அணிக்குத் தாங்களே வகுப்பு எடுக்க வேண்டும். குறிப்பேட்டை ஒப்படைத்து நான் ஓரமாக நிற்க வேண்டும். அதற்குள் மனம் தேனீக்களிடம் போய்விட்டது. தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. தோட்டம் முழுவதும் சருகு பரப்பி மூடாக்குப் போட்டால் அவற்றுக்கு இடமேது? மேற்குச் சுவரோரம் காலை வெயில் விழும் ஒரு துண்டு நிலத்தை வெறும் மண்ணாக விடக் கேட்டிருக்கிறேன். பக்கத்திலேயே, துளைகளில் வாழும் தேனீக்களுக்காக மூங்கில் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தண்டுக் கூடும் தொங்கவிடலாம்: துளை 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்து, நீளம் 15 சென்டிமீட்டர், பின்பக்கம் அடைத்து, மேலே மழை படாத கூரை. மூங்கிலை அறுக்கும்போது கணு ஒரு முனையில் வரும்படி அறுத்தால் பின்பக்கம் தனியாக அடைக்க வேண்டாம். உள்விளிம்பில் சிலும்பு இருந்தால் இறகு கிழியும் என்பதால் வட்ட அரமும் மெல்லிய உப்புத்தாளும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெறும் மண் துண்டுக்கு எந்த முடிச்சு போடுவது என்று தன்னார்வலர்கள் இப்போதே விவாதம் தொடங்கிவிட்டார்கள். நான்கு முடிச்சு என்பவர்கள் பெரும்பான்மை. ஆனால் கட்டுவதற்கு அங்கே கிளை இல்லை. குச்சி நட்டால் அதைப் பிடுங்கி விளையாடாத மாணவர் யார் என்று தோட்டக்காரர் கேட்கிறார். அதற்கு விடை கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.