ஓசியில் கிடைத்த ஜீனோம்

மனித டி.என்.ஏ.வில் இருக்கும் எழுத்து வரிசை முழுவதையும் (அதுதான் ஜீனோம்) படிக்கக் கிளம்பிய மனித ஜீனோம் திட்டம் என்றதும் எல்லாரும் 2000 ஜூன் 26ல் வெள்ளை மாளிகையில் நடந்த விழாவைத்தான் சொல்வார்கள். கிளின்டன், அவருக்குப் பக்கத்தில் அரசுத் திட்டத்தின் ஃபிரான்சிஸ் காலின்ஸ், போட்டிக்கு அதையே படித்த தனியார் கம்பெனி செலேராவின் கிரெய்க் வென்டர், லண்டனிலிருந்து திரையில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர். ஆனால் அன்றைக்குக் கையில் இருந்தது வெறும் வரைவு. முடிந்துவிட்டது என்று 2003 ஏப்ரலில் இன்னொரு முறை அறிவித்தார்கள், அப்போதும் விட்டுப்போயிருந்த சுமார் 8 சதவீதத்தை 2022ல்தான் படித்து முடித்தார்கள்! எனக்கு அந்த விழாவைவிட அதற்கு முந்தைய ஒரு மாதம்தான் சுவாரசியம்.

1990ல் ஆரம்பித்த திட்டம், 15 வருஷம் ஆகும், 300 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, கடைசியாக வந்து சேர்ந்த சீனா. சீனா சேருவதற்கு முன்பே, 1996 பிப்ரவரியில் திட்டத்து விஞ்ஞானிகள் பெர்முடாவில் கூடியபோது, பிரிட்டனின் சாங்கர் மையத்து ஜான் சல்ஸ்டனும் அமெரிக்காவின் பாப் வாட்டர்ஸ்டனும் முன்னால் நின்று ஒரு விதியை ஒத்துக்கொள்ள வைத்தார்கள்: ஆயிரம் எழுத்துக்கு மேல் படித்துக் கோத்த எந்தத் துண்டானாலும் 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போட்டுவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரை அச்சாகும்வரை தரவைப் பொத்திப் பொத்தி வைக்கிற ஆராய்ச்சி உலகத்தில் இது சாதாரண விஷயமில்லை.

1998ல் வென்டர் வந்தார். மூன்றே வருஷத்தில் நாங்கள் முடிக்கிறோம் என்றார். செலேராவின் தரவை முழுதாகப் பயன்படுத்த சந்தா கட்ட வேண்டும், ஆனால் அரசுத் தரப்பு தினமும் வெளியிட்டதை அவர்களும் எடுத்துத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். விதிப்படி அதில் தப்பில்லை, வயிற்றெரிச்சல்தான்.

2000 மே மாதம் அரசுத் தரப்பிடம் லட்சக்கணக்கான துண்டுகள் இருந்தன, எது எதற்குப் பக்கத்தில் வரும் என்றுதான் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் கென்ட் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். மாணவர் என்றால் சின்னப் பையன் இல்லை, அனிமேஷன் மென்பொருள் எழுதிப் பல வருஷம் பிழைத்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது உயிரியல் படிக்க வந்தவர். செலேரா முந்திக்கொண்டால் மரபணுக்கள் காப்புரிமைக்குள் போய்விடும் என்று அவருக்குக் கவலை. நாலு வாரம் உட்கார்ந்து தனியாளாக நிரலை எழுதினார், ராத்திரியில் மணிக்கட்டு வீங்கி ஐஸ் வைத்துக்கொள்கிற அளவுக்கு. ஒன்றன்மேல் ஒன்று படிகிற துண்டுகளை ஒட்டுவது எளிது. படியாத இடத்தில், ஒரே மரபணுவின் முன்பாதி ஒரு துண்டிலும் பின்பாதி வேறொரு துண்டிலும் இருந்தால், இரண்டும் அடுத்தடுத்துதான் வர வேண்டும் இல்லையா, அந்த மாதிரித் துப்புகளை எல்லாம் வைத்து நிரல் வரிசையை ஊகித்தது. பல்கலைக்கழகத்தில் இருந்த நூறு பென்டியம் கணினிகளில் ஓட்டி ஜூன் 22ல் முடித்தார். செலேரா முடித்தது மூன்று நாள் கழித்து.

ஜூலை 7ல் கென்ட் கோத்த வரிசையை இணையத்தில் ஏற்றினார்கள். முதல் 24 மணி நேரத்தில் அரை டெராபைட் இறங்கியிருக்கிறது, 2000ஆம் வருஷத்து இணையத்தில்!

ஓசியில் கொடுத்ததால் என்ன ஆயிற்று என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அரசுத் தரப்பு படித்து வெளியிடும்வரை சில மரபணுக்கள் செலேராவின் கையில் மட்டும் இருந்தன, அதிகபட்சம் இரண்டு வருஷம். பொருளாதார அறிஞர் ஹெய்டி வில்லியம்ஸ் 2013ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மரபணுக்களின் மீது பிற்பாடு நடந்த ஆராய்ச்சியும் அவற்றை வைத்து வந்த மருத்துவப் பரிசோதனைகளும் 20 முதல் 30 சதவீதம் குறைவு என்று காட்டினார். பூட்டு திறந்த பிறகும் அந்தப் பள்ளம் சட்டென்று நிரம்பவில்லை. சந்தா வியாபாரமும் நினைத்தபடி ஓடவில்லை. வென்டர் 2002ல் வெளியேறினார், 2005ல் செலேராவும் தன் தரவைப் பொதுவில் போட்டுவிட்டது.