பழைய செவர்லே பிக்கப்பில் பெட்ரோல் முள்ளை எஞ்சின் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டுவது

1973 முதல் 1986 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, 1999–2002 ட்ரக்குகளின் 5.3 லிட்டர் வோர்டெக் எஞ்சினை அதன் கம்ப்யூட்டரோடு சேர்த்து இறக்குவது அமெரிக்காவில் பரவலாக நடக்கிற வேலை. எஞ்சின் நன்றாக ஓடும். பெட்ரோல் முள் மட்டும் தகராறு பண்ணும். காரணம் எளிது: பழைய மீட்டருக்கும் புதிய கம்ப்யூட்டருக்கும் ஓம் கணக்கு வேறு. டேங்குக்குள் மிதவையோடு ஏறி இறங்கி ஓமை மாற்றும் சென்சாரைத்தான் டேங்க் யூனிட் என்கிறேன். பழைய ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) டேங்க் யூனிட் காலி டேங்கில் 0 ஓம், முழு டேங்கில் 90 ஓம் காட்டும். புதியது காலியில் 40, முழுசில் 250.

மீட்டரையும் டேங்க் யூனிட்டையும் பழையபடி நேராக இணைத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏன் இதில் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று கம்ப்யூட்டர் செய்யும் சோதனை, டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஓடும். அளவு தெரியாவிட்டால் சோதனையே தொடங்காது. இன்னொன்று, என் பார்வையில் இதுதான் பெரிய லாபம்: 'இத்தனை வோல்ட் என்றால் இத்தனை லிட்டர்' என்று கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டவணை எழுதலாம். டேங்க் எவ்வளவு கோணலாக இருந்தாலும் முள் சரியாக நிற்கும்.

முதலில் சர்க்யூட். கம்ப்யூட்டர் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது. டேங்க் யூனிட் அதை எர்த்துக்கு இழுக்கிறது. நடுவில் விழும் வோல்டேஜைக் கம்ப்யூட்டர் படிக்கிறது. உள் ரெசிஸ்டரின் மதிப்பை யாரையும் கேட்க வேண்டாம், அளந்துவிடலாம். டேங்க் யூனிட் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 5 வோல்ட் வரும். பிறகு சிக்னலுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டி மறுபடி பாருங்கள். 1.43 வோல்ட் காட்டினால், 100 × (5 − 1.43) ÷ 1.43, அதாவது 250 ஓம். அப்போது 40 ஓமில் 0.69 வோல்ட், 250 ஓமில் 2.5 வோல்ட் வரும்.

ரொம்பப் பேர் சறுக்குவது இங்கேதான். இந்த இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்து அட்டவணையை நிரப்பிவிடுவார்கள். ஆனால் சரிபாதி டேங்கில் டேங்க் யூனிட் 145 ஓமில் இருக்கும். அப்போது வோல்டேஜ் 1.60 அல்ல, 1.84. நேர்கோட்டு அட்டவணை அதை 63 சதவீதம் என்று காட்டும். 20 கேலன், அதாவது 75.7 லிட்டர் டேங்கில் இது பத்து லிட்டர் வித்தியாசம், அதுவும் இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டுகிற வித்தியாசம்.

எந்த டேங்க் யூனிட்டைப் போடுவது? இந்த எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ எரிபொருள் அழுத்தம் வேண்டும். கார்புரேட்டர் காலத்து பம்ப் அதைத் தராது, எப்படியும் டேங்கைத் திறக்கத்தான் போகிறீர்கள். அப்போதே 40–250 யூனிட் போட்டுவிடுவது உத்தமம். மிதவைக் கம்பியின் நீளம் டேங்க் ஆழத்துக்குப் பொருந்த வேண்டும். மிதவை மேலே முட்டாமலும் அடியில் உட்காராமலும் முழு வீச்சும் போய் வருகிறதா என்று டேங்குக்கு வெளியே ஓம் மீட்டரில் பார்த்த பிறகே மூடுங்கள். 0–90 யூனிட்டோடு வரும் புது டேங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சிக்னல் ஒயரில் 39 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். இல்லாவிட்டால் காலி டேங்கில் 0 வோல்ட் வரும், கம்ப்யூட்டர் ஒயர் ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து பி0462 என்ற பழுதுக் குறியீட்டைப் போடும். ரெசிஸ்டர் சேர்த்தால் வீச்சு 0.67 முதல் 1.70 வோல்ட் ஆகும். குறுகிய வீச்சுதான், ஆனால் அட்டவணையைத் திருத்த முடிந்தால் போதும்.

ஒரே டேங்க் யூனிட்டைப் பழைய மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுக்கவே கூடாது. மீட்டர் தன் காயில் வழியாக அதே ஒயருக்கு 12 வோல்ட் பக்கத்திலிருந்து மின்சாரம் அனுப்புகிறது, கம்ப்யூட்டர் 5 வோல்ட்டிலிருந்து அனுப்புகிறது. இரண்டு கணக்கும் கெடும்.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டேங்க் யூனிட்டின் எர்த் ஒயர் கம்ப்யூட்டரின் சென்சார் எர்த்துக்கே தனியாகப் போக வேண்டும், பம்ப் எர்த்தோடு முடிச்சுப் போடக் கூடாது. பம்ப் பல ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த போல்ட்டில் 0.1 வோல்ட் விழுந்தாலே முள் நாலு லிட்டர் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். சோதிக்கச் சுலபமான வழி: சாவியை ஆன் செய்ததும் பம்ப் சுமார் இரண்டு விநாடி ஓடி நிற்கும். பம்ப் நிற்கும்போது சிக்னல் வோல்டேஜ் இறங்கினால் குற்றவாளி எர்த்தேதான்.

இனி அளவு பிடிப்பது. சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்கை வடித்துவிட்டு, பம்ப் உறிஞ்ச ஆரம்பிக்கும் அளவு வரை முதலில் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஐந்தாறு லிட்டர் சேர்த்து அந்த இடத்தைக் காலிக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காலி என்று சொல்லும்போது பங்க் வரை போகப் பெட்ரோல் வேண்டுமல்லவா. பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியை ஆஃப் செய்து, ஊற்றி, பெட்ரோல் அலை அடங்கும்வரை விட்டு, மறுபடி ஆன் செய்து வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை ஆஃப் செய்யாமல் ஊற்றினால், வளைவில் பெட்ரோல் குலுங்கும்போது முள் ஆடாமலிருக்கக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வடிகட்டல், உங்கள் சதவீதத்தை மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். ட்யூனிங் மென்பொருளில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணைகளைத் திருத்தும் மென்பொருள்) சென்சார் வோல்ட் நேரடியாகத் தெரியும். அட்டவணைக்கு அந்த வோல்டைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஸ்கேன் டூலில் 2எஃப் என்ற அளவீடு சதவீதத்தைக் கொடுக்கும், அது முடிந்த பிறகு சரிபார்க்க உதவும். டேங்க் கொள்ளளவு என்ற கட்டத்தையும் மாற்ற மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் வந்த வண்டியின் டேங்க் அளவே அதில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து மீட்டருக்கு. 1999–2002 ட்ரக்கின் மீட்டர் போர்டையே போட்டால் கவலையில்லை, டேட்டா ஒயர் வழியாகவே அளவு போய்விடும். பழைய சி10 மீட்டரை வைத்துக்கொண்டால், மீட்டர் ஒயரை எர்த்தில் மாறி மாறித் தொட்டு எடுக்கும் துடிப்பு வெளியீடு உங்கள் கம்ப்யூட்டரின் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மென்பொருளிலும் இருக்காது. இல்லாவிட்டால் இடையில் ஓம் மாற்றிப் பெட்டி ஒன்று வாங்கிப் போடுவதுதான் வழி.

அதற்கு முன் மீட்டரே நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மீட்டரின் டேங்க் ஒயரை எர்த்தில் வைத்தால் முள் காலிக்கு விழ வேண்டும். 47 ஓம் வழியாக எர்த்துக்குக் கொடுத்தால் பாதிக்கு அருகில். 91 ஓமில் முழுசு. ஒயரை எதிலும் மாட்டாமல் விட்டால் முழுசையும் தாண்டி ஓட வேண்டும். இந்த நாலும் சரியாக வராவிட்டால் மீட்டர் பின்னால் உள்ள நட்டுகளை இறுக்கி, பிளாஸ்டிக் சர்க்யூட் தாள் தொடும் இடங்களைச் சுத்தம் செய்யுங்கள். மீட்டர் சரியான பிறகு துடிப்பு அட்டவணைக்கு வரலாம். எர்த்தில் தட்டும் நேரம் கூடக் கூட முள் இறங்கும். காலி, கால், பாதி, முக்கால், முழுசு என ஐந்து கோடுகளிலும் முள் சரியாக உட்கார எர்த்தில் தட்டும் நேரம் எத்தனை சதவீதம் வேண்டும் என்று கண்டுபிடித்து எழுதுங்கள். எஞ்சின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும் வோல்டேஜில் இதைச் செய்யுங்கள். பேட்டரி மட்டும் இருக்கும்போது எடுத்த அளவு ஓட்டும்போது கொஞ்சம் விலகக்கூடும்.

பிறகு வரும் பழுதுகளைக் குறியீட்டு எண்ணே சொல்லிவிடும். பி0463 என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது எர்த் போயிருக்கிறது. பி0461 என்றால் வண்டி ஓடியும் அளவு மாறவில்லை: மிதவை சிக்கியிருக்கலாம், அல்லது அட்டவணையில் தொடர்ச்சியாகப் பல கட்டங்களில் ஒரே எண்ணைப் போட்டிருப்பீர்கள். குறியீடு எதுவும் இல்லாமல் முள் குதித்தால் டேங்க் யூனிட்டின் தொடுமுனைகளைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளித் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்து ஓமை ஏற்றிவிடும். இந்த வகையில் ஓம் ஏறினால் முள்ளும் ஏறும். அப்படிப்பட்ட யூனிட்டுக்கு அட்டவணையைத் திருத்திப் பயனில்லை, யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் மறுபடி ஐந்து லிட்டர் கணக்கு முழுவதையும் செய்யுங்கள். அதே பார்ட் நம்பராக இருந்தாலும் மிதவைக் கம்பி கொஞ்சம் வளைந்திருந்தால் போதும், அடிப்பகுதியில் அளவு மாறிவிடும்.