800 மீட்டர் ஜானவாசம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்கூடப் பழைய காரை ஏற்றி இறக்கிவிடலாம். ஜானவாசம் என்கிற மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளையை ஏற்றி, 800 மீட்டர் தள்ளி இருக்கும் மண்டபத்தில் இறக்குவதுதான் பெரும்பாடு.

மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 948 சி.சி. எஞ்சின். அடிச்சட்டமான சேஸிஸ் தனி என்பதால் கூரையைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். அதனால் ஜானவாசத்துக்கென்றே பிறந்த கார் என்று பெண் வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். கார் அப்படி நினைப்பதில்லை.

முதல் சிக்கல் நாதஸ்வரம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் விட்டாலே ஹெரால்ட் மணிக்கு ஏறக்குறைய 4 கி.மீ. போகும். ஊர்வலமோ 1 கி.மீ. வேகம். தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. மிச்ச 3 கி.மீ. வேகத்தை டிரைவர் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடிதான், விழுங்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு கருகல் வாசனை வரும். எல்லோரும் சமையற்காரரைச் சந்தேகிப்பார்கள். அது கிளட்ச் பிளேட்.

இதற்கு ஒரே வழி, ஊர்வலத்தோடு ஊராமல் இருப்பது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மேளக்காரர்கள் 20 மீட்டர் முன்னால் போகட்டும். பிறகு முதல் கியர் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, 15 மீட்டர் போய் மறுபடி நிறுத்துங்கள். ஹெரால்டின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை, அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் சேர்க்கும் அமைப்பு. சக்கரம் முழுக்க நிற்காமல் கியரைத் தள்ளினால் வரும் 'கர்ர்ர்' சத்தத்துக்கு நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்ப்பார்.

இப்படி நின்று நின்று போகும்போது மாமா ஒருவர் கட்டாயம் ஓடி வருவார்.

"என்னப்பா, நின்னுபோச்சா?"

"இல்ல சார், நிறுத்தியிருக்கேன்."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

வித்தியாசம் ஏறக்குறைய 400 மீட்டரில் தெரியும். இந்தக் காரில் தனி மோட்டார் வைத்த ஃபேன் கிடையாது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வேகம்தான் ஃபேனுக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடிலில் அது விசிறுவது தாத்தாவின் பனையோலை விசிறி அளவுக்குத்தான். போதாக்குறைக்கு அலங்காரம் செய்பவர் கிரில்லை மூடி ரோஜா மாலையைத் தொங்கவிட்டிருப்பார். காற்று உள்ளே வரும் ஒரே வாசலையும் அடைத்தாயிற்று. கிரில்லில் ஒரு இதழ்கூட வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். மாலை வேண்டுமென்றால் பம்பரிலும் கதவுகளிலும் கட்டட்டும். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் நியூட்ரலில் 1500 ஆர்.பி.எம். வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் ஃபேனுக்கும் வாட்டர் பம்புக்கும் உயிர் வரும்.

வைகாசி முகூர்த்தம் என்றால் இத்தனை செய்தும் அடுத்தது வரும்: பெட்ரோல் பம்பில் ஏர்லாக். எஞ்சின் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் அது. பிளாக் கொதித்தால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுத்துத் தள்ள பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வுக்குத் தெம்பு கிடையாது. வண்டி இரண்டு முறை இருமும், ஒரு குலுக்கல் போடும், செத்துவிடும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், போவது பேட்டரிதான். பானெட்டைத் திறந்து, பம்பின் மேலும் கார்பரேட்டருக்குப் போகும் குழாய் மேலும் ஈரத் துணியைச் சுற்றுங்கள். பானகக் கவுன்டரிலிருந்து ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. பிளாக் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வெடிப்பு விடும். பத்து நிமிடம் கழித்து பம்பின் கை லிவரை அடியுங்கள். லிவர் தொளதொளவென்று சும்மா ஆடினால், உள்ளே பம்பைத் தள்ளிவிடும் கேம் என்ற சுழலும் துண்டு தன் மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டு அடித்தால் பிடிக்கும்.

பானெட்டைத் திறங்கள் என்று சொல்வது சுலபம். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் ஒரே பானெட். இரண்டு பக்கக் கொக்கியை விடுவித்து முன்னால் கவிழ்க்க வேண்டும். மெக்கானிக்குக் கொண்டாட்டம், முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால் பானெட்டிலிருந்து கண்ணாடிக்கும் கதவுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டிய மல்லிகைச் சரம்? கவிழ்க்கும்போது அது மொத்தமாக அறுந்து விழும், வீடியோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டிருப்பார். பானெட்டுக்குத் தனிச் சரம், உடம்புக்குத் தனிச் சரம். இது ஹெரால்ட் சாஸ்திரம்.

பின்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை சீட்டில் உட்கார மாட்டார். எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று பின்சீட்டின் முதுகு மேல் ஏறி உட்காருவார். அவரைச் சுற்றி ஆறு வாண்டுகள். ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு பக்க ஆக்சிலும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் வகை; குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏறினால் பின் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, அடிப்பகுதி வெளியே விரிந்து, சுமை தாங்காத கழுதை காலை அகட்டி நிற்பதுபோல் இருக்கும். 1970களில் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் இதைத் தூக்கிவிட்டு நேர் ஆக்சில் போட்டது சும்மா இல்லை. மாப்பிள்ளையோடு இரண்டு குழந்தைகள் போதும். மற்றவர்கள் நடக்கட்டும், அதற்குத்தான் ஊர்வலம்.

ஐப்பசி முகூர்த்தமாக இருந்தால் சூட்டுக் கவலை பாதி குறையும். பதிலுக்கு மழை. ஹெட்லைட், வைப்பர், அலங்கார சீரியல் பல்பு எல்லாம் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சும். டைனமோவோ ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்கிறது. சீரியல் பல்புகளை ஜெனரேட்டர் வண்டிக்கு மாற்றிவிடுங்கள். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பில் ஈரம் இறங்கினால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் கசிந்துவிடும். கேப்பைக் கழற்றி உள்பக்கத்தையும் காய்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். அங்கவஸ்திரம் வேண்டாம், ஜரிகை நூல் உள்ளே மாட்டும்.

அதற்கும் மசியவில்லையா? தள்ளு ஸ்டார்ட். சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில், கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு, தள்ளுபவர்கள் ஓட ஆரம்பித்ததும் சட்டென்று விடுங்கள். முதல் கியரில் விட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதற்கு முன் மாப்பிள்ளையை இறக்கிவிடுங்கள். வண்டி பிடிக்கும்போது விழும் குலுக்கலில் பின்முதுகில் உட்கார்ந்தவர் நேராக ரோட்டுக்கு வருவார்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. குளிர்ச்சியான காற்று, காய்ந்த ரோடு, காருக்கு இதைவிட நல்ல மாதம் வராது. அந்த மாதம் பார்த்துத்தான் அது ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்கும்.

மண்டபம் வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பூவை அன்றிரவே பிரித்துவிடுங்கள். விடிந்தால் அழுகல் ஈரம் பெயின்ட்டில் கறையாக இறங்கியிருக்கும். கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்களில் இதழ் அடைத்திருந்தால் அடுத்த மழைத் தண்ணீர் டிரைவரின் கால்மேல்தான் ஒழுகும்.