மாடி மாறினாலும் மாறாத முகவரி

பிப்ரவரி 3

கீழ்த்தள ஆய்வகக் கணினி வலையின் முகவரிகள் 192.168.10 என்று தொடங்கும், மேல்தள வலையில் 192.168.20. மடிக்கணினியோடு மாணவர்கள் படியேறினால் போதும், முகவரி மாறி, ஓடிக்கொண்டிருந்த கோப்புப் பரிமாற்றம் அறுந்துவிடுகிறது. இரு முனைகளின் ஐபி முகவரியும் (வலையில் கணினியின் முகவரி) போர்ட் எண்ணும் (கணினியில் இயங்கும் நிரலின் வாசல் எண்) சேர்ந்ததுதான், கோப்பைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பின் அடையாளம். ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. நேற்று ஒரு மாணவியின் அரை மணி நேர அளவீடு பாழாகி, கண்கலங்கி நின்றாள். இனியும் தள்ளிப்போட மனமில்லை. இடம் மாறினாலும் பழைய முகவரியிலேயே இயங்கவிடும் மொபைல் ஐபி முறையை அமைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 4

இரண்டு பழைய லினக்ஸ் கணினிகள்: கீழே ஹோம் ஏஜென்ட் (சொந்த வலையின் முகவர்), மேலே ஃபாரின் ஏஜென்ட் (போன இடத்து முகவர்). ஊர் மாறியவரின் கடிதத்தில் ‘மே/பா’ எழுதித் திருப்பிவிடும் தபால்காரர் வேலைதான் இது. மடிக்கணினி மேலே போனபின், அதன் சொந்த முகவரியான 192.168.10.25 எங்கே என்று ஏஆர்பி (முகவரிக்குரிய கருவியை வலைக்குள் விசாரிக்கும் முறை) கேட்டால், கீழே உள்ள ஏஜென்ட் தானே பதில் சொல்லிப் பாக்கெட்டை (தரவுப் பொட்டலத்தை) வாங்கிக்கொள்ளும். 20 பைட் உறை போட்டு மேலே அனுப்பும். அங்கே உறையைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பது ஃபாரின் ஏஜென்டின் பொறுப்பு.

பிப்ரவரி 5

மடிக்கணினி தன் புது இடத்தை ஹோம் ஏஜென்டிடம் சொல்லும் பதிவுக் கோரிக்கை யுடிபி 434ஆம் போர்ட்டில் போனது. திரும்பி வந்தது மறுப்புக் குறியீடு 131: சரிபார்ப்புத் தோல்வி. மூன்று மணி நேரத் தேடலுக்குப்பின், பகிர்ந்த சாவியில் ‘பி’ இருக்கவேண்டிய இடத்தில் 8 இருந்ததைக் கண்டேன். திருத்தினால் 133: கோரிக்கையின் அடையாளம் பொருந்தவில்லை. மடிக்கணினியின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது. வழக்கமான வரம்பு 7 விநாடி; அதைத் தாண்டினால், பழைய கோரிக்கையை யாரோ மறுபடி அனுப்புவதாக ஏஜென்ட் கொள்ளும். ஆனால் மறுக்கும்போதே தன் நேரத்தையும் பதிலில் எழுதிவிடுகிறது! அதைப் பார்த்துத் திருத்திக்கொண்ட அடுத்த கோரிக்கை ஏற்கப்பட்டது. 1996இல் வெளியான மொபைல் ஐபி விதிகளிலேயே இவ்வளவு தூரம் யோசித்தவர்களை மனம் வணங்குகிறது.

பிப்ரவரி 9

பாக்கெட்டுகள் மேலே போய்ச் சேர்கின்றன, பதில் மட்டும் வரவில்லை. 20ஆம் வலையிலிருந்து 10ஆம் வலை முகவரியோடு கிளம்பும் பாக்கெட்டை நடுவிலிருக்கும் ரூட்டர் போலியென்று தள்ளிவிடுகிறது. அந்தத் தடையை எடுக்க மாட்டேன், அது பாதுகாப்புக்காக வைத்தது. பதிலும் உறைக்குள்ளேயே ஹோம் ஏஜென்ட் வழியாகத் திரும்பும்படி எதிர்த்திசைச் சுரங்கம் அமைத்தேன். வழி சற்றுச் சுற்றுதான், ஆனாலும் நேர்மையான வழி.

பிப்ரவரி 10

ஏஜென்டுகள் விநாடிக்கு ஒருமுறை தம்மை அறிவிக்கின்றன. ஒன்றின் குரல் மூன்று விநாடி கேட்காவிட்டால் இடம் மாறியதாக மடிக்கணினி முடிவு செய்யும். அதே மாணவி அதைத் தூக்கிக்கொண்டு படியேறினாள், நான் பின்னாலேயே. திருப்பத்தில் பரிமாற்றம் நின்றது. இருவரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தோம். 61 சதவீதம். 61. பிறகு 62.