பிக்கப் வண்டிக்குப் பிக்கப் திரும்பிய கதை

பேர்தான் பிக்கப். ஆக்சிலேட்டரை மிதித்தால் 'வரேன், வரேன்' என்று குரல் மட்டும் கொடுக்கும், வராது. மேடு வந்தால் நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு, அப்புறம் இரண்டுக்கு. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போவார்கள். டீசல் குடிப்பதில் மட்டும் குறைச்சலே கிடையாது. 2.5 லிட்டர் டர்போ டீசல், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத முழு மெக்கானிக்கல் டீசல் பம்ப், ஐந்து கியர், ஓடோமீட்டரில் 2,86,000 கிலோமீட்டர். எட்டு மாதமாக ஓய்வு நாள்களில் இதோடு மல்லுக்கட்டியதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்னால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு டேங்க் ஓட்டம். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஆயில் மூன்றையும் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் எடுத்த கணக்குதான் கணக்கு.

டேங்க் நிரப்புவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. டீசல் நுரைக்கும். பங்கில் நாசில் 'டக்' என்று நின்றதும் எடுத்துவிட்டால் ஒரு நாள் ஒரு லிட்டர் குறையும், இன்னொரு நாள் கூடும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, கழுத்துவரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிரப்பினால்தான் ஒரு டேங்கை இன்னொரு டேங்கோடு ஒப்பிட முடியும். 45 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினாலே இரண்டு சதவீதம் போச்சு. அதனால் மூன்று சதவீதத்துக்குக் குறைவாக வந்த எந்த முன்னேற்றத்தையும் நான் நம்பவில்லை. 'அதை மாட்டினேன், மைலேஜ் ஏறிடுச்சு' என்று யார் சொன்னாலும், எத்தனை டேங்க் பார்த்தீர்கள் என்று கேட்கிற கெட்ட பழக்கமும் வந்துவிட்டது.

மூன்று டேங்கின் சராசரி லிட்டருக்கு 9.6 கிலோமீட்டர். அதுவும் பொய்க் கணக்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. வண்டியோடு வந்த டயர் அளவு 215/75 ஆர்15. முன்பு வைத்திருந்தவர் கம்பீரமாக இருக்கட்டும் என்று 235/75 ஆர்15 மாட்டியிருக்கிறார். கணக்குப் போட்டால் விட்டம் 703.5 மில்லிமீட்டரிலிருந்து 733.5க்கு ஏறியிருக்கிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் 4.3 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. ஆக உண்மையான மைலேஜ் 10.0. ஸ்பேனரைத் தொடாமலே கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் கிடைத்தது! ஆனால் இதே டயர்தான் எல்லாக் கியரையும் 4.3 சதவீதம் நீட்டிவைத்து இழுவையைத் தின்கிறது. அதைத் தேய்கிறவரை ஓட்டிவிட்டு மாற்றலாம் என்று விட்டேன்.

வேகம் பிடிப்பதை அளக்க ஸ்டாப்வாட்ச் வேண்டாம். செல்போனில் ஜிபிஎஸ் வேகத்தைத் திரையில் ஓடவிட்டு, இன்னொரு போனில் அதைப் படம்பிடித்தேன். சமமான, ஆளில்லாத ஒரே சாலை, போக ஒரு முறை, வர ஒரு முறை. நாலாவது கியரில் 60லிருந்து 90 தொட 16.4 விநாடி. அதற்குள் ஒரு கதையே சொல்லி முடித்துவிடலாம்.

ஓடோமீட்டரில் 2,87,400. முதல் குற்றவாளி தானாக மாட்டினான். ஒரு நாள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது இடது முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினேன். வலது டிஸ்க் 61 டிகிரி, இடது 128. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் வலது சக்கரம் ஒன்றரைச் சுற்றுப் போகிறது, இடது கையை எடுத்ததும் நிற்கிறது. பிரேக் பேடுகளை டிஸ்கில் அழுத்துகிற கேலிபர் நகர்வதற்கான பின்களில் ஒன்று துருவேறிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. உள் பேடு இரண்டு மில்லிமீட்டர், வெளிப் பேடு எட்டு. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஓட்டினேனோ தெரியாது. பின்னை மாற்றி, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவி (சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய்த் திரும்பவும் இதே கதைதான்), புதுப் பேடு போட்டேன். மைலேஜ் 10.6. நேரம் 15.7 விநாடி. டர்போ, பம்ப் என்று பெரிய பெரிய இடமாகத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இது ஒரு குட்டு.

டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும் ஒரு வாரத்தில் முடிந்த வேலை. கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த அட்டையில் சொன்ன அளவுக்குக் காற்று. டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கிற கோணம், கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்தாயிற்று. தனியாகச் சொல்லும் அளவுக்கு எதுவும் மாறவில்லை.

எடைக் குறைப்பு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கேபின் மேலே இரும்புக் கேரியர், முன்னால் முட்டுக் கம்பி, பின்னால் என்றோ ஒரு நாள் உதவும் என்று சேர்த்துவைத்த சாமான்கள். எல்லாவற்றையும் இறக்கி நிறுத்துப் பார்த்தால் 118 கிலோ. எப்போதும் கூடவே ஒன்றரை ஆளை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். இதில் எடையைவிடக் கேரியர்தான் பெரிய வில்லன் என்பது என் கணிப்பு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80ல் போகிறவர் 95க்குப் போனால் தடை 41 சதவீதம் கூடிவிடும். பின்னாளில் ஒரே பாதையில் இரண்டு வேகத்தையும் தனித்தனி டேங்காக ஓட்டிப் பார்த்தேன். 80ல் 13.1, 95ல் 11.0. இந்த எட்டு மாதத்தில் நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தரவில்லை. கேரியரையும் சாமான்களையும் இறக்கியபின் வழக்கமான ஓட்டத்தில் 11.0 வந்தது.

பின் கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையில்லாமல் போகும், மைலேஜ் ஏறும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் நம்பி ஒரு டேங்க் ஓட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. படித்துப் பார்த்தால் காரணம் புரிந்தது. கதவு மூடியிருக்கும்போது சாமான் ஏற்றும் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உட்கார்ந்துகொள்கிறது, கேபின் மேலிருந்து வருகிற காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலைந்துவிடும்.

2,90,100. வெப்பமுள் பாதிக்குமேல் ஏறாதது எனக்கு ரொம்ப நாளாகப் பெருமை. என் வண்டி சூடே ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது பெருமை இறங்கியது. மூடியிருக்க வேண்டிய வட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் நகம் நுழைகிற இடைவெளி. திறந்தபடியே சிக்கிக்கொண்டு, என்ஜின் சூடேறுவதற்கு முன்பே தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், எரிந்த சூடெல்லாம் சிலிண்டர் சுவரில் வீணாகும், டீசல் நன்றாக எரியாது. புதியதில் 82 என்று பொறித்திருந்தது. மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் வைத்துக் காய்ச்சினேன். 81, 82... வட்டு மெதுவாக அசைந்து வாயைத் திறந்தது. 95 தொடுவதற்குள் முழுக்கத் திறந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறையும் பார்த்தேன். மாட்டியபின் மைலேஜ் 11.5.

'சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி' என்கிற வைத்தியம் பட்டறைகளில் சாதாரணம். சூடாவதற்கு வேறு காரணம் இருக்கும். இதைக் கழற்றினால் அந்தக் காரணம் மறைந்துகொள்ளும், டீசல் கூடுதலாகப் போகும்.

இவ்வளவுக்கும் பிறகு மைலேஜ் ஏறியதே தவிர, வண்டி அதே சோம்பேறிதான். 15.1 விநாடி. வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "நாசில் போயிருக்கும் தம்பி, இல்லேன்னா டர்போ" என்றார். அவர் சொன்ன நாசில் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது, டர்போ காற்றை அழுத்தித் திணிப்பது. இரண்டுமே பெரிய வேலை. எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. முழுசாக மிதித்தாலும் புகையே வரவில்லை. டர்போ ஹோஸ் கிழிந்து காற்று கசிந்தால் டீசல் மிஞ்சிக் கரும்புகை தள்ள வேண்டும். சுத்தமாக ஓடுகிறது, ஆனால் பலமில்லை என்றால், காற்று இருக்கிறது, டீசல்தான் போதவில்லை என்றுதானே அர்த்தம்? டர்போ தருகிற காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். 0.35 பாருக்குமேல் ஏறவில்லை. டீசல் குறைந்தால் எரிந்து வெளியேறும் வாயுவின் வேகமும் குறையும், அதனால் டர்போவும் மெதுவாகச் சுற்றும். ஒன்றை ஒன்று கீழே இழுத்துக்கொண்டிருந்தன.

இந்த வண்டியில் டீசலை அளந்து என்ஜினுக்கு அனுப்புவது வி.ஈ வகை ரோட்டரி பம்ப். அதன் தலையில் ஒரு சிறிய தொப்பி மாதிரி மூடி இருக்கும். அதற்குள் ரப்பர் சவ்வு, சவ்வின் அடியில் ஸ்பிரிங், நடுவில் கூம்பாகச் சரிந்த ஓர் ஊசி. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அந்தத் தொப்பிக்கு வருகிறது. டர்போ காற்றை அழுத்தும்போது அந்த அழுத்தம் சவ்வைக் கீழே தள்ளும், ஊசி இறங்கும், அதன் சரிவில் ஒரு நெம்புகோல் நகர்ந்து டீசலின் உச்ச அளவைக் கூட்டும். காற்று வந்த அளவுக்குத்தான் டீசல். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

அந்த ஹோஸைக் கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கிளாம்புப் பக்கம் விரலால் லேசாக வளைத்தேன். காய்ந்த சுள்ளி மாதிரி வாய் பிளந்தது. நிமிர்த்தினால் மூடிக்கொள்கிறது. ஒரு சாண்கூட இருக்காது, உள்விட்டம் நாலு மில்லிமீட்டர். மேனிஃபோல்டிலிருந்து புறப்பட்ட அழுத்தம் இந்த விரிசலிலேயே வெளியேறிவிட, சவ்வு அசையவே இல்லை. எத்தனையோ காலமாக இந்த டர்போ என்ஜின், டர்போ இல்லாத என்ஜினுக்கு உரிய டீசலில் ஓடியிருக்கிறது. சவ்வும் கிழிந்திருக்குமோ என்று பயந்து, மீட்டர் வைத்த கைப்பம்பை இணைத்து 0.5 பார் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். முள் இறங்கவில்லை. பிழைத்தேன். அதே அளவில் புது ஹோஸ், இரண்டு கிளாம்பு, கால் மணி நேர வேலை.

அன்று சாயங்காலம் நாலாவது கியரில் மிதித்தபோது முதுகு சீட்டில் பட்டது. இந்த வண்டியில் இதற்கு முன் அப்படி ஆனதே இல்லை. பூஸ்ட் 0.6. நேரம் 11.7 விநாடி. இரண்டு முறை போதாமல் ஆறு முறை ஓட்டினேன். நான்கு முறை அளவுக்காக இல்லை.

அடுத்த டேங்கில் மைலேஜ் 11.5லிருந்து 10.8க்கு இறங்கியது. ஹோஸை நொந்து பயனில்லை, என் வலது கால்தான் காரணம். இருக்கிற பலத்தை எல்லா சிக்னலிலும் காட்டிக்கொண்டிருந்தேன். ஆசை அடங்கியபின், 2200 சுற்றுக்குள் கியர் மாற்றி, நிற்கப் போகிற இடத்தைத் தூரத்திலேயே பார்த்துக் கியரிலேயே காலை எடுத்துவிட்டு ஓட்டினேன். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சுற்று ஐடிலுக்கு மேலே இருக்கிறவரை பம்பில் உள்ள கவர்னர் டீசலை நிறுத்திவைக்கும். நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்கு டீசல் செலவு, இறக்கத்தில் என்ஜின் பிடிப்பும் கிடையாது. நியூட்ரல்தான் சிக்கனம் என்பவர்களோடு வாதாடிக் களைத்துவிட்டேன். இப்படி ஓட்டியதில் 11.9.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். பம்பில் டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பழைய நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்துவிட்டு, கால் சுற்று உள்ளே திருப்பினேன். குறித்துவைக்கிற புத்தி மட்டும் வேலை செய்ததற்கு நன்றி. 11.7 விநாடி 10.9 ஆனது உண்மைதான். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிறவரைக் கரும்புகை மறைக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வைத்த வெப்ப சென்சார் நீளமான மேட்டில் 700 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. காலை எடுத்தேன். கரும்புகை என்றால் எரியாத டீசல், போட்ட காசுதான் வானத்துக்குப் போகிறது. அந்தச் சூடு தொடர்ந்தால் பிஸ்டனும் டர்போவும் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ பெயின்ட் புள்ளிக்கே திரும்பியது. ஒரு நாள்கூட முழுசாக ஓடவில்லை.

டீசல் பைப்பில் கட்டுகிற காந்தத்தை நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்தார். இரண்டு டேங்க். ஒன்றுமில்லை. இப்போது கருவிப் பெட்டியில் கீழே விழுந்த போல்ட் பொறுக்க உதவுகிறது.

2,95,600. டயர் தேய்ந்து முடிந்தது. 215/75க்குத் திரும்பினேன். தோற்றத்தில் வண்டி கொஞ்சம் குட்டையாகிவிட்டது, வீட்டில் இரண்டு பேர் கேலி செய்தார்கள். நாலாவது கியரில் 60-90 இப்போது 11.2. மைலேஜ் 12.1, அதாவது முன்பு வந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குக் கீழே, அதனால் நான் வைத்த விதிப்படி கணக்கில் சேராது. ஓடோமீட்டர் கணக்கைத் திருத்த வேண்டிய தொல்லை போனதே போதும்.

நேற்றுக் காலையில் வண்டி எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். ரேடியேட்டர் ஃபேன் விமானம் கிளம்புகிற மாதிரி இரைகிறது. குளிர்ந்த என்ஜினில் கிளப்பிய சில நொடி இரைச்சல் சகஜம், அப்புறம் அடங்க வேண்டும். இது அடங்கவே இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன், நகரவில்லை. ஃபேன் கிளட்ச் இறுகிப்போய் எப்போதும் என்ஜினோடு சேர்ந்தே சுற்றுகிறது போலிருக்கிறது. நான்கு போல்ட்தான். ஸ்பேனரை எடுத்துவைத்துவிட்டேன்.